பாட்டுக்கு இடையில் பேசியவை

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலரில் 'எம்மவர்' என்று ஒரு பகுதி உண்டு. வருடத்துக்கு ஒருவரைப் பிடித்து, பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பார்த்த வேலை, பெற்ற விருது என்று இரண்டு பக்கம் எழுதி, கோட் சூட்டோடு ஒரு படமும் போடுவார்கள். இந்த வருடம் என் கணவர் இந்திரகுமாரின் முறை. மலர் ஆசிரியர் ஜெயரட்ணம் அண்ணை போன் எடுத்து, "சந்திரவதனா, நீர்தான் எழுத வேணும். அவரைப் பற்றி உம்மைவிட ஆருக்குத் தெரியும்?" என்றார். என்னிடம் கேட்டது அவருடைய பிழை. எழுதுகிறேன். ஆனால் ஒரு சொல்லையும் வெட்டாமல் போட வேண்டும். ஏன் என்று வாசித்தால் தெரியும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனுசன் பழைய ஒலிநாடாக்களிலிருந்து இரண்டு மணித்தியாலப் பேச்சை வெட்டி எடுத்துவிட்டு, பாட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டார். அந்தப் பேச்சு நாங்கள் குடியேறிய இந்த நாட்டின் ஆதிக்குடிகளுடைய ஒரு மொழியில் இருந்தது. அந்த மொழியில் மனிதர்கள் வீட்டுக்குள் சாதாரணமாகக் கதைத்தது அந்த நாடாக்களைத் தவிர வேறெங்கும் பதிவாகவில்லை. மொழியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதன் சொந்தக்காரர்கள் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சிட்னியிலிருந்து மேற்கே ஆறு மணித்தியாலம் கார் ஓடினால் வருகிற ஓர் ஆற்றங்கரையின் மொழி. அவ்வளவு போதும்.

இவர் பிறந்தது கோண்டாவில் என்ற ஊரில். விருது ஒன்றும் இல்லை, ஒரு சான்றிதழ் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். இருபத்தொரு வயதில் கொழும்பில் ஒரு வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுப் பகுதியில் சேர்ந்தார். அங்கே அவருடைய வேலை வெட்டுவது. பாடகர் இருமினால் வெட்டு. மிருதங்கக்காரர் "தேத்தண்ணி வந்திட்டுதோ?" என்று கேட்டால் வெட்டு. கதிரை கிறீச்சிட்டால் வெட்டு. சவர பிளேட்டால் நாடாவைச் சரிவாக வெட்டி, இரண்டு நுனியையும் சேர்த்து ஒட்ட வேண்டும். ஒட்டிய இடம் கேட்கிற காதுக்குத் தெரியக்கூடாது. எட்டு வருடம் இதைச் செய்தார். வெட்டிய துண்டுகளை எறிய விடமாட்டார்களாம், அந்தக் காலத்தில் நாடாவுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கழிவுச் சுருள் என்று ஒன்று செய்து வைப்பார்கள். இந்தக் கழிவுச் சுருளை வாசிப்பவர்கள் மறக்க வேண்டாம்.

கலியாணம் முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, இந்த மனுசனுக்கு வெட்டுவது வேலை இல்லை, வியாதி. நாங்கள் சிட்னிக்கு வந்து இரண்டாம் வருடம், என் அக்கா ஊரிலிருந்து ஒரு கசெற் அனுப்பினாள். கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டுப் பேசிப் பதிந்தது. நான் வேலையால் வரமுதல் இவர் அதை எடுத்து, 'சுத்தப்படுத்தி', வேறு கசெற்றில் பதிந்து வைத்திருக்கிறார். கேட்கிறேன், கேட்கிறேன், செய்திகள் மட்டும்தான் இருக்கின்றன. காணி விற்றது, மாமா செத்தது, கிணறு வற்றியது. அக்காவின் இருமல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டது இல்லை.

"அக்கா பதியேக்கை நாயைக் கலைச்சு விரட்டினவளாம், போனில சொன்னவள். அது எங்கை?" என்று கேட்டேன்.

"அது தேவையில்லாத சத்தமப்பா. நாடா வீண்" என்றார்.

மூன்று நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அக்கா இப்போது கனடாவில் குத்துக்கல் மாதிரி இருக்கிறாள், கிழமைக்கு ஒருதரம் வீடியோவில் வந்து என் காதைத் தின்கிறாள். அதனால் அந்தக் கோபம் ஆறிவிட்டது. ஆனால் அன்றைக்கே நான் அவருடைய பிளேட்டைப் பறித்திருக்க வேண்டும்.

செவன் ஹில்ஸில் கதவுப் பிடி செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தார். வானொலியில் இருந்த மனிதருக்கு அந்த இரைச்சல் எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள். பின்னேரம் வந்ததும் கராஜுக்குள் போய்விடுவார். அங்கே இரண்டு பழைய சுருள் நாடா இயந்திரங்கள். ஒன்று ஏலத்தில் எடுத்தது, மற்றது தெருவில் கிடந்து எடுத்தது. யாருடைய கலியாணப் பாட்டு, யாருடைய அரங்கேற்றம், எது பழுதானாலும் இவரிடம்தான் வரும். எங்கள் கார் முப்பது வருடமாக மழையில்தான் நிற்கிறது.

அப்படித்தான் டொக்டர் செந்தில்நாதன் வந்தார். அந்த ஆற்றங்கரை ஊரில் குடும்ப வைத்தியராக இருந்தவர், அங்கேயிருந்த ஒரே தமிழர். அந்த ஊர் மியூசியத்தின் குழுவிலும் இருந்தார். ஒரு பெட்டியில் ஒன்பது சுருள் கொண்டுவந்து இறக்கினார்.

"அண்ணை, ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தாறிலை அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒராள் பதிஞ்சது. ஒரு வீட்டின்ரை சமையல் குசினியில ஐஞ்சு பொம்பிளையள் இருந்து பாடினதாம். மியூசியத்தில தூசி பிடிச்சுக் கிடக்குது. பாட்டுகளை மட்டும் எடுத்து ஒரு சீடியில போட்டுத் தாங்கோ. உங்களை விட்டா ஆர் செய்வினம்?"

பாட்டுகளை மட்டும். அந்தச் சொல்லை நான் என் காதால் கேட்டேன், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அங்கேதான் நின்றேன். அந்தப் பாட்டுகளின் சொந்தக்காரர்களிடம் யாராவது கேட்டார்களா என்று நானும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை. டொக்டர் சொன்னால் சரி என்று நினைக்கிற சனம் நாங்கள்.

இவர் நாலு மாதம் அதோடேயே இருந்தார். நாடா பழுதாகி, கையில் எடுத்தாலே ஒடிந்தது. ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டு தடிகளைத் தட்டுகிற தாளம் வரும், அதோடு பாட்டு. தாளம் நின்றால் சிரிப்பு, கதை, தண்ணீர் கொதிக்கிற கேத்தில் சத்தம், கதிரைச் சத்தம். வெட்டு. நாடாவையே வெட்டினார், பிளேட்டால். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வெள்ளை நாடா ஒட்டினார். பிறகு அதை ஓடவிட்டு எழுபத்தொரு பாட்டாகக் கொம்பியூட்டரில் ஏற்றினார். ஒவ்வொரு பாட்டும் கழுவித் துடைத்த கோப்பை மாதிரி. அந்த ஊர் மியூசியத்தில் விழா வைத்தார்கள். இவர் சூட் போட்டார். மேயர் கை கொடுத்தார். 'மிஸ்டர் குமார், சிட்னி' என்று எழுதிய சான்றிதழ் எங்கள் ஹோலில் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. கழற்றவும் அவர் விடுகிறார் இல்லை.

ஆறு வருடம் கழிந்து, போன வருடம் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒரு அம்மா எங்கள் கதவைத் தட்டினார். அறுபத்துமூன்று வயது, என்னைவிட ஒரு வயது மூப்பு. பெயர் ரோனா. அவருடைய ஊரில் எல்லாரும் அன்ரி ரோனா என்றுதான் கூப்பிடுவார்களாம். மூத்தவர்களை அன்ரி என்பது நாங்கள் மட்டும்தான் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு மணித்தியாலம் தனியாகக் கார் ஓடி, பிளாக்டவுனில் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் தங்கி, காலை எங்களிடம் வந்திருக்கிறார். இவரைக் கண்டுபிடிக்க அவருக்குப் பதினொரு மாதம் எடுத்ததாம்.

பதினொரு மாதம்! மியூசியத்தில் கேட்டால், தனிப்பட்ட விபரம் தர முடியாதாம். டொக்டர் குவீன்ஸ்லாந்துக்கு மாறிப் போய்விட்டாராம். வாத்தியாரின் கடுதாசிகள் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில் கேட்டால், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று அத்தாட்சி கொண்டுவாருங்கள் என்றார்களாம். நாடாவில் பாடுவது அவருடைய அம்மா. பதிந்தது அவர்களுடைய குசினியில். அவர் தன் அம்மாவின் மகள் என்பதற்கு மூன்று பக்கப் படிவம். அவர் அதைச் சொல்லிச் சிரித்தார், கோபம் எனக்குத்தான் வந்தது. கடைசியில் டொக்டரின் பழைய கிளினிக்கில் இருந்த வரவேற்பாளர் ஒருத்திதான் எங்கள் விலாசத்தைக் கொடுத்தாளாம்.

குசினி மேசையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். இவர் சான்றிதழைக் கழற்றிக்கொண்டு வந்து காட்டினார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார், பாவம். முகம் முழுக்கச் சிரிப்பு.

அன்ரி ரோனா அதைப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அவர் கதைத்தது ஆங்கிலத்தில். எனக்கு நினைவிருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன்.

"பாட்டுகள் தெளிவாக இருக்கின்றன, மிஸ்டர் குமார். அதை வைத்து நாங்கள் மூன்று வருடமாக மொழியைப் படிக்கிறோம். மொழியியல் படித்த ஒரு பெண் வந்து உதவுகிறாள். ஆறு, பறவை, நட்சத்திரம், நடந்து போனான், அழுதாள், இதெல்லாம் பாட்டிலிருந்து எடுத்துவிட்டோம். மாசி மாதம் பாலர் பள்ளியில் மொழி வகுப்புத் தொடங்குகிறேன். நாலு வயசுப் பிள்ளைகள். அவர்களுக்கு நட்சத்திரம் அழுதது என்று சொல்ல எனக்குத் தெரியும். கையைக் கழுவு என்று சொல்லத் தெரியாது. பசிக்குதா என்று கேட்கத் தெரியாது."

இவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"பாட்டில் அந்தச் சொற்கள் வராது. பாட்டின் மொழி வேறு, வீட்டில் கதைக்கிறது வேறு. ஆனால் அந்த நாடாவில் பாட்டுக்கு இடையில் அம்மாவும் மற்றவர்களும் கதைத்தார்கள். எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேன். மேசைக்குக் கீழே."

"ஓ, அது" என்றார் இவர். "அது பாட்டில்லையே, அதுதான் எடுத்துவிட்டேன்."

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் என்ன என்று இருந்தது. அன்ரி ரோனா கோப்பையைக் கீழே வைத்தார்.

"எது பாட்டு என்று உங்களுக்குச் சொன்னது யார்?"

அன்ரி ரோனா சத்தம் போடவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லாக வைத்தார். அவர்களுடைய வழக்கத்தில் பாட்டைத் தொடங்க முதல் அது யாருடைய பாட்டு, எந்த இடத்தின் பாட்டு, யார் யாருக்கு முன்னால் பாடலாம் என்று சொல்ல வேண்டுமாம். அது சொல்லாத பாட்டை வாயில் எடுக்க முடியாது. சிறுபிள்ளைகள் பாடக்கூடாத பாட்டும் இருக்கும், ஆண்கள் கேட்கக்கூடாததும் இருக்கும். இவர் அந்தச் சொல்லை எல்லாம் வெட்டிவிட்டார். எழுபத்தொரு பாட்டு இருக்கிறது. எதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஊரில் கூடிக் கதைத்து, தெரியும்வரைக்கும் ஒன்றையும் பிள்ளைகளுக்குப் பாடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். சொற்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள், பாட்டுகள் பெட்டியில் இருக்கின்றன.

"அம்மாவோடு எனக்கு அதற்குப் பிறகு ஒரு வருடம்தான் கிடைத்தது" என்றார். "ஆறு வயதில் என்னை அரசாங்கம் கொண்டுபோய் விடுதியில் விட்டுவிட்டது. அங்கே மொழி பேசினால் அடி."

என்ன மனுசனைக் கட்டினேன் என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் இவர் எழும்பினார். முகத்தில் திரும்ப வெளிச்சம். "இல்லை, இல்லை. நான் ஒருநாளும் எறிகிறதில்லை. வெட்டிய துண்டு எல்லாவற்றையும் ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு பெரிய சுருள். கழிவுச் சுருள். கராஜில் இருக்கிறது, நீல ரின்னில். பட்டர் பிஸ்கட் வந்த தகர ரின்."

அன்ரி ரோனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழும்பி வந்து இவருடைய தோளில் ஒரு அடி போட்டார், சந்தோஷத்தில். "தேடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அடுப்புக்கு முன்னால் நின்றேன். அந்த நீல ரின்னை எனக்குத் தெரியும்.

கொரோனாக் காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, இவர் முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்தார். கவுன்சில் வருடத்துக்கு இரண்டுதரம் பழைய சாமான்களை வந்து அள்ளிக்கொண்டு போகும், வீட்டுக்கு முன்னால் புல்லில் வைத்துவிட்டால் சரி. நான் கராஜைத் திறந்தேன். முப்பது வருடக் குப்பை. வயர், உடைந்த ஸ்பீக்கர், தாச்சிச் சட்டி, ரின், ரின், ரின். நீல ரின்னைத் திறந்து பார்த்தேன். பழுப்பு நாடா, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, மூக்கைத் துளைக்கிற வினாகிரிப் புளிப்பு மணம். சனியன் பிடித்த குப்பை என்று சொல்லிக்கொண்டுதான் கொண்டுபோய் வைத்தேன். நல்லாய் நினைவிருக்கிறது.

அதைச் சொல்லியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சனிக்கிழமை முழுக்க இந்த மனுசன் நொண்டிக்கொண்டு, ஏணியில் ஏறி, பெட்டி பெட்டியாக இறக்கித் தேடினார். நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை.

"இஞ்சேரும், நீல ரின் ஒண்டு கண்டனீரே?" என்று ஒருதரம் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும், உங்கட குப்பைக்கை நான் வாறனானே?" என்றேன். அந்தப் பொய்யும் இந்த மலரில் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அன்ரி ரோனா ஒரு கேக்கோடு வந்தார். கேக்கைக் கண்டதும் எனக்கு அடக்க முடியவில்லை. இவர், "வீட்டில்தான் இருக்கிறது, இன்னும் இரண்டு நாள்" என்று தொடங்க, நான் நடுவில் விழுந்து சொல்லிவிட்டேன். "நான்தான் எறிந்தேன். கொரோனா வருடம், சித்திரை மாதம். கவுன்சில் கொண்டுபோய்விட்டது."

அன்ரி ரோனா கேக்கை மேசையில் வைத்தார்.

"எங்கே வைத்தீர்கள்?" என்று அன்ரி ரோனா கேட்டார்.

"வெளியே. புல்லில்."

"காட்டுங்கள்."

காட்டினேன். தபால் பெட்டிக்குப் பக்கத்தில், கவுன்சில் நட்ட மரத்துக்குக் கீழே. அவர் போய் அந்த இடத்தில் நின்றார். அங்கே என்ன இருக்கிறது? புல்தான். இரண்டு சொக்கிலேற் தாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் வீட்டு வாசலில் நின்றேன். முன்வீட்டுக்காரன் காரைக் கழுவிக்கொண்டு எங்களைப் பார்த்தான்.

இவர் என்னை ஏசவில்லை. "நீர் என்ன செய்வீர், அது குப்பை மாதிரித்தானே இருந்தது" என்றார். இதுதான் எனக்கு விசரைக் கிளப்புகிறது. ஒருதரம் கத்தியிருக்கலாம். ஒரு கோப்பையை உடைத்திருக்கலாம். முப்பத்தாறு வருடத்தில் ஒருநாளும் கத்தாத மனிதரோடு எப்படி ஐயா சண்டை பிடிப்பது?

அன்ரி ரோனா திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. இவரிடம், "எப்படி வெட்டினீர்கள் என்று எனக்குக் காட்டுங்கள். என் அம்மாவின் பேச்சை எப்படி வெட்டினீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்" என்றார்.

கராஜுக்குப் போனோம். இவர் இயந்திரத்தின் மேலே போட்டிருந்த பழைய பெட்சீற்றை இழுத்தார். ஆறு வருடத்துக்கு முன் அந்தப் பாட்டு வேலையை முடித்து மூடியதுதான், அதற்குப் பிறகு திறக்கவில்லை. இடது பக்கம் வெறுமை. வலது பக்கத்தில், நாடா போய்ச் சுற்றுகிற சுருளில், நடுவோடு ஒட்டிக் கொஞ்சம் பழுப்பு நாடா சுற்றியிருந்தது.

இவர் கையை நீட்டியபடியே நின்றுவிட்டார்.

"என்ன?" என்றேன்.

"பழைய நாடாவை வெறும் நடுவிலை சுத்தினா ஒடிஞ்சு போகும். அதாலை முதல்லை ஏதும் கழிவு நாடா கொஞ்சம் சுத்தி விடுறது, மெத்தை மாதிரி." பிறகு அன்ரி ரோனாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். "இது அந்தத் துண்டுகள்தான். கொஞ்சம்."

அதை ஓடவிட அவருக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. கையாலேயே சுற்றி, ஒட்டு விட்ட இடங்களைத் திரும்ப ஒட்டி, கொம்பியூட்டரைத் தயார்படுத்தி, பிறகுதான் பொத்தானை அமுக்கினார். மொத்தம் நாலு நிமிடம் இருபது விநாடி. பதினொரு துண்டு, ஒன்றுக்கு ஒன்று தொடர்பில்லாமல். ஒரு பெண் சிரிக்கிறார். கேத்தில் ஊதுகிறது. ஒருவர் நீளமாக ஏதோ சொல்ல மற்றவர்கள் 'உம்' கொட்டுகிறார்கள். வாத்தியார் ஆங்கிலத்தில் "மன்னிக்கவும்" என்கிறார்.

ஐந்தாவது துண்டில் ஒரு பெண் திடீரென்று மூன்று சொல் சொன்னார். சாட்டை மாதிரி. உடனே கதிரை இழுபடுகிற சத்தம், ஒரு பிள்ளையின் சிணுங்கல். பிறகு அந்தப் பெண் தணிந்த குரலில் ஏதோ சொல்லத் தொடங்குகிறார். அதோடு துண்டு முடிந்துவிட்டது.

அன்ரி ரோனா என் கையைப் பிடித்தார். என்னுடைய கை என்று அவருக்குத் தெரிந்திருக்காது. "அது நான்" என்றார். "நான் மைக்கின் வயரைப் பிடித்து இழுத்தேன். அம்மா வெளியே வா என்று ஏசினார். நான் வந்தேன்." அந்த மூன்று சொல்லையும் அவர் திருப்பிச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார், ஏசுகிற குரலிலேயே. இவர் அந்தத் துண்டை இருபது முறையாவது போட்டிருப்பார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுத வேண்டும், இவரை நான் முழுக்கத் திட்டினால் பாவம். ஏழாவது துண்டின் கடைசியில் தடி தட்டுகிற சத்தம் அரை விநாடி இருக்கிறது. பிளேட் பிந்தி விழுந்த இடம். அதைக் கேட்டதும் இவர், "நாற்பத்திரண்டாவது பாட்டு" என்றார். எதையும் பார்க்கவில்லை. கொம்பியூட்டரில் நாற்பத்திரண்டைப் போட்டுப் பார்த்தால், அந்தத் தடிச் சத்தத்தின் மிச்சம் அங்கே தொடங்குகிறது. மொழி தெரியாது, ஆனால் எழுபத்தொரு பாட்டையும் ஒவ்வொன்று ஐம்பது தரம் கேட்ட காது. ஏழாவது துண்டில் அன்ரி ரோனாவின் அம்மா ஓர் ஆளின் பெயரையும் ஓர் உறவுமுறையையும் ஓர் இடத்தையும் சொல்கிறார். அந்த மூன்றும் அன்ரி ரோனாவுக்குத் தெரியும். அப்போ அது அம்மாவின் சின்னம்மாவுடைய பாட்டு, பிள்ளைகள் பாடலாம். இப்படியே அன்று பின்னேரத்துக்குள் மூன்று பாட்டுக்குச் சொந்தக்காரர் கிடைத்தார்கள்.

மூன்று. மிச்சம் அறுபத்தெட்டு. கணக்கு எனக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம், தினமும் அதைத்தான் நினைத்துக்கொண்டு எழும்புகிறேன்.

போகும்போது அன்ரி ரோனா இவருக்குக் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். "மன்னியுங்கள்" என்றேன். "அது இப்போது முடியாது, சந்திரா" என்றார். கேக்கை மட்டும் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. இவர்தான், பழுதாகப் போகுது என்று சொல்லி வெட்டினார்.

அதற்குப் பிறகு இவர் சும்மா இருக்கவில்லை. கவுன்சிலுக்குப் போன் எடுத்தார். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு, நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் வந்த பிள்ளை, ஐந்து வருடத்துக்கு முந்திய குப்பையா என்று இரண்டுதரம் கேட்டது. பல்கலைக்கழகத்துக்கு எழுதினார், வாத்தியார் இன்னொரு பிரதி எடுத்து வைத்தாரா என்று. நாலு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது, அந்த மூன்று பக்கப் படிவத்தை இணைத்து. வாத்தியாரின் மகனைத் தேடிப் பிடித்தார். அவருக்கு எண்பது, அப்பாவின் சாமானை எல்லாம் எறிந்துவிட்டாராம். இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லா வீட்டிலையும் ஒராள் இருக்குது" என்று நான்தான் சொன்னேன்.

எங்கள் மகள் வினுஷாவிடம் இதை எல்லாம் சொன்னேன். அவளுக்குத் தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். அவள் தன் மகனைப் பார்த்து, "உதைத் தொடாதை, கையை எடு, அடி வாங்கப் போறாய்" என்று மட்டும் நல்ல தமிழில் கத்துவாள். நான் கத்தினது அப்படியே வருகிறது. எனக்கு முன்பெல்லாம் அதில் வெட்கம். இப்போது அவள் கத்தும்போது நான் எழும்பிப் போய்க் கதவைச் சாத்துவதில்லை.

இதற்கெல்லாம் முதலே, அந்த மாசி மாதம், அன்ரி ரோனாவின் வகுப்புத் தொடங்கியிருந்தது. இரண்டாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போன் அடித்தது. இவர் முழங்காலைக் காட்ட டொக்டரிடம் போயிருந்தார், நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அன்ரி ரோனாதான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தரம்.

"மிஸ்டர் குமார் இல்லையா? சரி, உங்களுக்கே சொல்கிறேன்" என்றார். மூச்சு வாங்கியது. "இன்றைக்கு ஒரு சின்னப் பெண் மேசைக்குக் கீழே போய் இருந்துகொண்டாள். வரமாட்டேன் என்று அடம். டீச்சர் கெஞ்சுகிறாள், வரவில்லை. நான் அம்மாவின் மூன்று சொல்லையும் சொன்னேன். அதே மாதிரி ஏசினேன். அவள் வெளியே வந்துவிட்டாள், சந்திரா! ஐம்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு ஒரு பிள்ளை வெளியே வந்தது!"

எனக்குக் கத்தி கையிலிருந்து விழுந்தது. "ஐயோ, நல்லது அன்ரி, நல்லது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில், "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

அவருடைய குரல் தணிந்தது.

"வெளியே வந்து எனக்கு முன்னால் நின்றாள். கண்ணில் தண்ணீர், நான் ஏசினதில் பயந்துவிட்டாள். அம்மா ஏசிவிட்டு எனக்கு ஏதோ சொன்னார், மெதுவாக, நாங்கள் கேட்டோமே, தொடங்குகிறபோது வெட்டுப்பட்டது. அதைத்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு அது தெரியவில்லை. சும்மா நின்றேன்."

அது அந்தப் பேச்சின் மிச்சத் துண்டில் இருந்திருக்கும். மிச்சத் துண்டு நீல ரின்னில் இருந்தது.